எந்தக் கிட்டாரில் தொடங்குவது? பாம்பன் பக்கத்து வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் பிறந்தால் என் வீட்டு வாசலில் ஒரே கேள்விதான். "மாஸ்டர், பிள்ளைக்குக் கிட்டார் வாங்கலாம்னு இருக்கோம், எதை வாங்குறது?" பள்ளி விடுமுறையும் மீன்பிடித் தடைக்காலமும் கைகோத்து வருகிற நேரம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலுக்குப் போகிற இளைஞர்களுக்கும் அப்போதுதான் கை கொஞ்சம் சும்மா இருக்கும்.

போன தடைக்காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா, ஒன்பது வயது மகளோடு. பாம்பனிலிருந்து விசைப்படகில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், செல்போனில் எலெக்ட்ரிக் கிட்டார் வீடியோக்களாகப் பார்த்து வைத்திருந்தான். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து சர்ச்சின் பாடகர் குழுத் தலைவர், கோயிலுக்கு ஒரு கிட்டார் வேண்டும் என்றார். மூவர் கையிலும் கடை விளம்பரத்தின் விலைப் படம் இருந்தது. விலைக்கு அப்பால் கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக், பேஸ் என்ற மூன்று வகையையும் ஒப்பிட்டு அவர்களிடம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

## முதலில், மூன்றும் என்ன?

அக்கூஸ்டிக் கிட்டாரில் ஓசையை உண்டாக்குவது மரப்பெட்டி. கம்பி அதிர, அந்த அதிர்வு பிரிட்ஜ் (கம்பிகளை மேல்பலகையோடு பிணைக்கும் கட்டை) வழியாக மேல்பலகைக்குப் போக, பலகை காற்றைத் தள்ளுகிறது. மின்சாரம் வேண்டாம். இதிலேயே இரண்டு சாதி உண்டு: எஃகுக் கம்பி பூட்டியது, நைலான் நரம்பு பூட்டியது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நிறைய.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பெட்டி இல்லை, கட்டை மரம். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியதுதான் பிக்கப். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, செம்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், பெரிதாக்குகிறது. நைலான் நரம்பு காந்தத்துக்கு வசப்படாது, ஆகவே அதை எலெக்ட்ரிக் கிட்டாரில் பூட்டினால் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது.

பேஸ் கிட்டாரும் பெரும்பாலும் அதே பிக்கப் முறைதான். ஆனால் கம்பிகள் நான்கு: ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் கீழ்ச்சுருதிக் கம்பிகள் நான்கையும் ஒரு ஸ்தாயி இறக்கினால் பேஸ். கிட்டாரின் தடித்த ஈ கம்பி விநாடிக்கு 82 முறை அதிரும், பேஸின் ஈ கம்பி 41 முறை. அந்த 41-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செலவுக் கணக்கில் திரும்ப வரும்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், பிள்ளையின் காது. எந்த ஓசை கேட்டால் அவன் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான்? பாட்டில் தாளத்தோடு சேர்ந்து தும்தும் என்று போகிற அடியோசையையே முணுமுணுக்கிற பிள்ளைக்கு அக்கூஸ்டிக் வாங்கிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் அது பீரோ மேல் ஏறிவிடும். "முதல்ல அக்கூஸ்டிக்ல கத்துக்கணும், அப்புறம்தான் மத்தது" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. மூன்றுமே நேரடியாகத் தொடங்கக்கூடியவை.

இரண்டாவது, எங்கே, யாரோடு வாசிக்கப்போகிறார்? திண்ணையில் தனியாகப் பாடிக்கொண்டா, பூசையில் பாடகர் குழுவோடா, திருவிழா மேடையில் இன்னிசைக் குழுவோடா?

மூன்றாவது, கை. விரல் நீளம், கம்பியின் இழுவிசை, கருவியின் எடை.

நான்காவது, மின்சாரம். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, மின்வெட்டில் என்ன செய்வது என்பது.

ஐந்தாவது, முதல் ஆண்டின் மொத்தச் செலவு. கடை ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு அதில் ஒரு பங்குதான்.

ஆறாவது, உப்பு. நமக்கே உரிய அளவுகோல் இது. சென்னையிலிருந்து பேசுகிற யூடியூப் ஆசிரியர் இதைப் பற்றிச் சொல்லமாட்டார். அதனால் இதை முதலில் முடித்துவிடுகிறேன்.

## உப்பு என்ன செய்கிறது?

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை பெயின்ட் அடித்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட்டுக் கட்டினார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், கால் மில்லிமீட்டர் கிட்டார் கம்பிக்கு என்ன ஆகும்?

காற்றில் வருகிற நுண்ணிய உப்பு கம்பியில் ஒட்டும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விரல் வியர்வையும் சேரும். கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிற வீட்டில், உறையில் போடாமல் வைத்த எஃகுக் கம்பி மூன்றே வாரத்தில் சொரசொரப்பாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். விரலை ஓட்டினால் பழுப்புக் கோடு விழும். அப்படிப்பட்ட கம்பியில் சுருதி நிற்காது, விரல் அறுபடும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். நல்ல காது உள்ள பிள்ளைகள் துருப்பிடித்த கம்பியால் கிட்டாரை விட்டிருக்கிறார்கள்.

கம்பியோடு நிற்பதில்லை. டியூனிங் கீயின் பற்சக்கரம் இறுகும். எலெக்ட்ரிக்கிலும் பேஸிலும் கேபிள் சொருகுகிற துளை, ஒலி கூட்டிக் குறைக்கிற குமிழ், பிக்கப் திருகாணி என்று ஒவ்வொன்றாகப் பச்சை பிடிக்கும். குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான் காரணம்.

மரத்துக்கு வேறு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து மேல்பலகை வீங்கும், கம்பி உயரும். சித்திரை வெயிலில் ஷீட் கூரை வீட்டுக்குள் வேகிற சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் எழும்பும். என் முதல் கிட்டாரை அப்படித்தான் இழந்தேன். கடல் பக்கத்து ஜன்னலோரம் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன், ஒரே ஆண்டில் பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே போஸ்ட்கார்டு நுழைகிற இடைவெளி விழுந்தது.

இதற்கு வைத்தியம் எளிது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடைக்க வேண்டும். ஜிப் போட்ட உறையில், உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, கடலுக்கு முதுகு காட்டிய அறையில், தரையில் படாமல் வைக்க வேண்டும். கோட்டிங் கொடுத்த கம்பி என்று விற்கிறார்கள். விலை மூன்று மடங்கு, ஆனால் நம் ஊரில் அதற்கு மேல் உழைக்கிறது. எஃகுக் கம்பிக் கருவி எது வாங்கினாலும் இரண்டாவது செட்டிலிருந்து அதற்கு மாறிவிடச் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

விலைகள் தொடக்க நிலைக் கருவிக்குரிய ஏறத்தாழக் கணக்கு. முதல் ஆண்டுக்கான கம்பி, உறை, வார், கேபிள், தேவையான இடத்தில் ஆம்ப், சிறு பழுது எல்லாம் கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.

| | அக்கூஸ்டிக், நைலான் | அக்கூஸ்டிக், எஃகு | எலெக்ட்ரிக் | பேஸ் |
|---|---|---|---|---|
| கம்பிகள் | 6 | 6 | 6 | 4 |
| மொத்த இழுவிசை | சுமார் 40 கிலோ | சுமார் 70 கிலோ | சுமார் 40 கிலோ | 4 கம்பிக்கே சுமார் 70 கிலோ |
| கழுத்தின் அகலம் (தலைப்பக்க முனையில்) | 52 மி.மீ. | 43 மி.மீ. | 42 மி.மீ. | 38–42 மி.மீ. |
| அதிரும் கம்பியின் நீளம் | 65 செ.மீ. | சுமார் 64.5 செ.மீ. | 63–65 செ.மீ. | 86 செ.மீ. |
| எடை | 2 கிலோவுக்குள் | சுமார் 2 கிலோ | 3–4 கிலோ | 4 கிலோவும் மேலும் |
| விரல் வலி | குறைவு | அதிகம் | குறைவு | முதலில் மணிக்கட்டு வலி |
| உப்பின் பாதிப்பு | குறைவு | அதிகம் | அதிகம், மின்பாகத்திலும் | நடுத்தரம் |
| மின்சாரம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | கட்டாயம் வேண்டும் |
| கருவி விலை | ரூ.7,000–10,000 | ரூ.7,000–10,000 | ரூ.12,000–18,000 | ரூ.15,000–23,000 |
| முதல் ஆண்டு மொத்தம் | ரூ.9,000–12,000 | ரூ.12,000–16,000 | ரூ.21,000–30,000 | ரூ.28,000–42,000 |

மூவாயிரம் ரூபாய்க்கும் கிட்டார் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. அதில் பெரும்பாலானவற்றில் கம்பி உயரமும் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) முனையும் சரியாக இருக்காது. சரிசெய்ய மதுரைக்குக் கொண்டுபோனால், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போக, மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

## நைலான் நரம்புக் கிட்டார்

கிளாசிக்கல் கிட்டார் என்பது இதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் வகுத்த உருவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. முன்பு ஆட்டுக்குடல் நரம்பு பூட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கிடைக்காமல் போக, 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் நரம்பு செய்யத் தொடங்கினார். இளையராஜா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது இந்தக் கிளாசிக்கல் கிட்டாரில்தான்.

நம் கரைக்கு இது பொருந்துகிற அளவுக்கு வேறு எதுவும் பொருந்தாது என்பது என் கட்சி. மேல்சுருதி நரம்பு மூன்றும் வெறும் நைலான், துருவே கிடையாது. கீழ்ச்சுருதி மூன்றில் மட்டும் மேலே உலோகச் சுற்று இருக்கும், அது கறுக்கும், ஆனால் மெதுவாக. ஆண்டுக்கு இரண்டு செட் போதும். விரலுக்கு மெத்தென்று இருக்கும்.

ஒரு வீட்டில் கண்ட காட்சி. என்னிடம் படித்த பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் நரம்பு அறுந்துவிட்டது. அவன் அப்பா நரம்பு வலை கட்டுகிறவர். அறுந்த துண்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். உள்ளே போய் தூண்டில் நரம்புச் சுருளில் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். "0.7 வரும் மாஸ்டர், கட்டிப் பாப்பமா?" கட்டினோம். சுருதி நிற்க அரை நாள் ஆனது, ஓசை கொஞ்சம் மந்தம், ஆனால் வேலை செய்தது. கிட்டாரின் முதல் நரம்பும் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான். கடையில் புது செட் வரும்வரை பத்து நாள் அதிலேயே வாசித்தான். கீழ்ச்சுருதி நரம்பு மூன்றுக்கும் இந்த வழி உதவாது, அவற்றுக்கு உலோகச் சுற்று வேண்டும்.

குறைகள் சொல்லவேண்டும். கழுத்து அகலம் 52 மில்லிமீட்டர், சின்னக் கை கீழ்ச்சுருதிக் கம்பியை எட்டத் திணறும். சத்தம் சிறியது, ஐம்பது பேர் பாடுகிற கோயிலில் மைக் இல்லாமல் கேட்காது. சினிமாப் பாட்டில் கேட்கிற அந்தச் சலசலப்பான ஸ்ட்ரம்மிங் (கம்பிகள் எல்லாவற்றையும் ஒருசேர வருடி வாசிப்பது) இதில் வராது, உருண்டு திரண்ட மென்மையான ஓசைதான் வரும்.

ஒரு எச்சரிக்கை. "சத்தம் பத்தலை" என்று இதில் எஃகுக் கம்பி பூட்டிவிடாதீர்கள். 40 கிலோ இழுவைக்குக் கட்டிய பலகையில் 70 கிலோ ஏற்றினால் பிரிட்ஜ் பிய்ந்து வரும். கடைக்காரர் பூட்டித் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

## எஃகுக் கம்பி அக்கூஸ்டிக்

நம் ஊரில் கிட்டார் என்றால் கண்முன் வருவது இது. கடையில் தொங்குகிற பெரிய வயிறு கொண்ட வகைக்கு ட்ரெட்நாட் என்று பெயர். 1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை வைத்து, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் செய்தது. கப்பலைப் போலவே பெரியது என்பதுதான் பெயருக்குக் காரணம். சத்தம் நிறைவாக வரும். ஒருவரே பாடிக்கொண்டு வாசிக்கவும், மரத்தடியில் நாலு பேர் கூடிப் பாடவும், கோயில் பாட்டுக்குத் தாளம் பிடிக்கவும் இதற்கு இணை இல்லை.

வலிக்கும். மறைப்பதற்கில்லை. முதல் மூன்று நான்கு வாரம் விரல் நுனி சிவந்து எரியும், பிறகு தோல் தடித்துவிடும். தினம் அரை மணி வாசித்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தோலும் தடிக்காது, பாடமும் நிற்காது. கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கைகளுக்கு இந்த வலி பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் வலையில் மீன் முள் கீறிய காயம் ஆறாமல் கம்பியைத் தொடவேண்டாம்.

மரத்தைப் பற்றி நான் சொல்வது புத்தகத்துக்கு மாறாக இருக்கும். மேல்பலகை ஒரே மரத்தால் ஆன சாலிட் டாப் கிட்டார்தான் ஓசையில் சிறந்தது, ஆண்டு போகப் போக ஓசை கனியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் காற்றில் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். நம் கரையில் அது பல மாதம் எட்டாக்கனி. தொடங்குகிறவருக்கு அடுக்குப் பலகையான லேமினேட்தான் இங்கே நல்லது. ஓசை ஒரு படி குறைவு, ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது.

கோயிலில் வாசிக்கப்போகிறவர்கள் பிக்கப் பொருத்திய செமி அக்கூஸ்டிக் வேண்டும் என்று கேட்கிறார்கள். கூடுதலாக இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். மைக்கை முன்னால் வைத்து வாசிக்கும் தொல்லை போகும். ஆனால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கேபிளைச் சொருகியவுடன் அது வேலை செய்யத் தொடங்கும், பூசை முடிந்து கேபிளைக் கழற்ற மறந்தால் அடுத்த ஞாயிறு பேட்டரி காலி. வாசிக்காத மாதங்களில் பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள், கசிந்தால் உப்புக் காற்றோடு சேர்ந்து தகட்டைத் தின்றுவிடும்.

## எலெக்ட்ரிக்

பயந்து ஒதுக்குகிறார்கள், தேவையில்லை. கை வலிக்கு இதுதான் மிகவும் இரக்கமானது. மெல்லிய கழுத்து, மெல்லிய கம்பி. முதல் கம்பி 0.23 மில்லிமீட்டர்தான், அக்கூஸ்டிக்கில் அது 0.30. கம்பி ஃப்ரெட்டுக்கு மிக அருகில் இருக்கும், அழுத்த வேண்டிய தூரம் குறைவு. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை வளைக்கலாம், கமகம் பிடிக்கிற கைக்கு அது பெரிய வசதி. கிட்டார் கலைஞர் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி வாசிக்கிறார். இசை என்றால் ராக ஆலாபனைதான் என்று வளர்ந்த வீட்டில் பிள்ளை எலெக்ட்ரிக் கேட்டால், அதை மேல்நாட்டுச் சத்தம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இரவில் வாசிக்கவும் இதுதான் ஏற்றது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், விடியுமுன் கடலுக்குப் போகவேண்டியவர்கள் தூங்கும்போது, ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கலாம். கிட்டாரிலேயே சொருகுகிற சின்ன ஹெட்போன் ஆம்ப் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து கிடைக்கிறது, சார்ஜ் செய்துகொள்ளலாம், மின்வெட்டிலும் ஓடும். முதல் ஆறு மாதம் பெரிய ஆம்ப் வாங்காமல் இதையே வைத்து ஓட்டலாம், அப்படிச் செய்தால் அட்டவணைச் செலவில் நான்கைந்தாயிரம் குறையும்.

இனி மின்சாரம். எலெக்ட்ரிக்கின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால் அது பாதுகாப்பு. எர்த் இல்லாமல், ஆம்ப்பிலும் கோளாறு இருந்தால் கம்பியே மின்கம்பி. திருவிழா மேடையில் இன்னொரு ஆபத்து: ஆம்ப் ஓர் இடத்து மின்சாரத்திலும் மைக் செட் ஜெனரேட்டரிலும் ஓடும். கை கம்பியில், உதடு மைக்கில். இரண்டு எர்த்துக்கும் வேறுபாடு இருந்தால் அது உங்கள் உடம்பு வழியே சமன் செய்துகொள்ளும். உதட்டில் சுருக்கென்று அடித்த அனுபவம் எனக்கு உண்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். அன்றிலிருந்து இரண்டையும் ஒரே பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே மேடை ஏறுகிறேன். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் சொருகுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கிட்டார் விஷயத்தில் அதைச் செய்யவே கூடாது. ஆம்ப் வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எர்த் சரியாக இருந்தும் ம்ம்ம் என்று ரீங்காரம் வரும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த ரீங்காரத்தை ஒழித்தார், அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். டியூப் லைட்டும் இன்வெர்ட்டரும் நெருக்கமாக இருக்கிற வீட்டுக்கு ஹம்பக்கர் உள்ள கிட்டார் நல்லது.

தனியாகப் பாடிக்கொண்டு வாசிக்க நினைப்பவருக்கு எலெக்ட்ரிக் சரிப்படாது. வாசிப்பவர் தேடி எடுக்க வேண்டிய ஓசைகள் நிறைய, குமிழ்களில் நேரம் போகும். எஃபெக்ட் பெடல் ஆசை வந்துவிட்டால் செலவுக்கு முடிவே கிடையாது.

## பேஸ்

மூன்றில் அதிகம் புரிந்துகொள்ளப்படாதது இது. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த கருவிக்கு பிரிசிஷன் பேஸ் என்று பெயர். அதுவரை ஆள் உயரம் நின்ற டபுள் பேஸில் ஃப்ரெட் இல்லை, காதை நம்பி விரல் வைக்க வேண்டும். ஃப்ரெட் போட்டதும் சுருதி துல்லியமாக விழுந்தது, அதனால் அந்தப் பெயர்.

பேஸ் தனியாகப் பாட்டைச் சொல்லாது. தாளத்தையும் ராகத்தையும் முடிச்சுப் போடுவது அதன் வேலை. இளையராஜா பாட்டுகளில் பேஸ் போகிற வழியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடும். ரகுமான் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படி. இதைக் கேட்டுச் சிலிர்க்கிற காது உங்கள் பிள்ளைக்கு இருந்தால், பேஸ்தான் அதன் கருவி.

கற்பது தொடக்கத்தில் எளிது. ஒரு நேரத்தில் ஒரே கம்பி, பல கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்திக் கார்டு பிடிக்கிற வேதனை இல்லை. இரண்டு மாதத்தில் குழுவோடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் தாளம் பிசகினால் மொத்தக் குழுவும் சாயும். உடம்புக்கு வேலை அதிகம்: முதல் ஃப்ரெட்டின் நீளம் எலெக்ட்ரிக் கிட்டாரில் 36 மில்லிமீட்டர் என்றால் பேஸில் 48. நான்கு கிலோ தோளில் தொங்கும். பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவருக்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் பாருங்கள்.

செலவில் அந்த 41 இங்கே வருகிறது. விநாடிக்கு 41 அதிர்வை நன்றாகக் கேட்கச் செய்ய பெரிய ஸ்பீக்கர் வேண்டும். செல்போனிலோ சின்ன புளூடூத் பெட்டியிலோ அடியோசை காணாமல் போகும். சின்ன கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சொருகிச் சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும். பேஸ் ஆம்ப் தனியாகப் பத்தாயிரத்துக்கு மேல். கம்பி செட் இரண்டாயிரம், ஆனால் தடித்த கம்பி, 1.1 முதல் 2.7 மில்லிமீட்டர் வரை, துடைத்து வைத்தால் ஓராண்டு தாங்கும்.

தேவை எப்படி? கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள் பாடகர் குழுவுக்கு மூன்று பேர் இருப்பார்கள், பேஸ் வாசிப்பவர் கிடைக்கமாட்டார். நன்றாக வாசித்தால் கூப்பிடுவார்கள். ஆனால் பல இன்னிசைக் குழுக்கள் கீபோர்டின் இடது கையிலேயே பேஸை முடித்துவிடுகின்றன. நீங்கள் சேர நினைக்கிற குழு எப்படி என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். குழுவே இல்லாத ஊரில் வீட்டுக்குள் தனியாகப் பேஸ் கற்பது கடினம், பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசிக்கிற பொறுமை வேண்டும்.

## கடையில் பார்க்க வேண்டியது

ஆன்லைனில் 38 அங்குலம், 41 அங்குலம் என்று போட்டிருப்பது கருவியின் முழு நீளம். பத்து வயதுக்குள் 36 அங்குலத்தைத் தாண்டவேண்டாம்.

பையில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் போட்டுக்கொண்டு போங்கள். ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், தடித்த கம்பிக்குக் கீழே இரண்டையும் அடுக்கி நுழைத்துப் பாருங்கள். அக்கூஸ்டிக்கிலோ பேஸிலோ இரண்டும் தாராளமாக நுழைந்து ஆடினால் கம்பி உயரம் அதிகம், விரல் நோகும். எலெக்ட்ரிக்கில் ஒன்றுக்கு மேல் இடம் இருக்கக்கூடாது. நைலானுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் உயரம் இயல்பு. கம்பியைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் செய்து தருவார்.

பிறகு முதல் கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒலிக்கவிடுங்கள். எங்காவது ஜிர்ரென்று இரைந்தால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டி, ஃப்ரெட் முனை கீறுகிறதா என்றும் பாருங்கள்.

## மூவரும் என்ன வாங்கினார்கள்?

தங்கச்சிமடத்து அம்மாவுக்கு முக்கால் அளவு நைலான் கிட்டாரைச் சொன்னேன். அதில் கழுத்தும் குறுகலாக இருக்கும். "ஸ்டீல் கம்பிதானே சினிமால வருது?" என்று கேட்டார். பாப்பாவின் கையில் இரண்டையும் கொடுத்தேன். எஃகை அழுத்திவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டாள். நைலானை விடவே இல்லை.

பாம்பன் தம்பியிடம் பதினாறாயிரம்தான் இருந்தது. "கொஞ்சம் பொறு, ஆம்ப்புக்கும் சேர்த்துக்க" என்று சொல்ல நினைத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னேன்: ஹம்பக்கர் உள்ள எலெக்ட்ரிக், ஹெட்போன் ஆம்ப், கோட்டிங் கம்பி ஒரு செட், அவ்வளவுதான் இப்போதைக்கு. 61 நாளில் எட்டு கார்டும் இரண்டு பாட்டும் வந்துவிட்டன. ஜூன் 15-க்குப் பிறகும், கடலிலிருந்து வந்த அன்றைக்கே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுக்கிறானாம்.

பாடகர் குழுத் தலைவர் செமி அக்கூஸ்டிக்தான் கேட்டு வந்தார். அவர்கள் கோயிலில் ஏற்கனவே இரண்டு அக்கூஸ்டிக் இருந்தன, இரண்டிலும் கம்பி துருவேறிக் கிடந்தது. அவற்றுக்குக் கம்பி மாற்றினோம், ஆயிரத்துக்குள் முடிந்தது. கோயிலில் பெரிய ஸ்பீக்கரும் மிக்சரும் இருந்ததால் ஆம்ப் செலவு இல்லாமல், சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பேஸ் வாங்கினார்கள். கீபோர்டு வாசிக்கிற தங்கச்சி ஒருத்தி அதை எடுத்துக்கொண்டாள்.